இளவட்டக்கல்லும் இரும்பு ராடும்
(ஜிம்முக்குப் புதுசா போகிறவர்களுக்கு)

– இரண்டாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நாம் எழுத வேண்டிய சித்திரம் டிப்ளமோ. சுவர் நம்ம உடம்பு. வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பேராவது இந்தச் சுவரைக் கட்டக் கிளம்புகிறார்கள். ஜனவரி ஒண்ணாம் தேதி ஜிம்மில் கூட்டம் தாங்காது. பொங்கல் லீவு முடிந்து பார்த்தால் பாதிப் பேரைக் காணோம். மாசி பிறக்கும்போது மாஸ்டரும் பழைய ஆட்களும்தான் இருப்பார்கள்.

ஏன் விட்டார்கள் என்று கேட்டால் மூன்று பதில் வரும். "உடம்பு வலி தாங்கலைல." "ஒரு மாசம் போனேன், ஒண்ணும் ஏறலை." மூன்றாவது பதில் வீட்டிலிருந்து வருவது: "காட்டுல வேலை செய்யாத உடம்புக்குத்தாம்ல ஜிம்மு. காசைக் குடுத்து இரும்பைத் தூக்குறதுக்கு ரெண்டு மூட்டையத் தூக்கிப் போடு. காசாவது வரும்."

முதல் இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம். மூன்றாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

உழைப்பு வேற, பயிற்சி வேற

நம்ம கரிசல் பக்கத்தில் உடம்பை வருத்தாமல் சாப்பிட்டவர் யாரும் இல்லை. களை வெட்டு, பருத்தி எடுப்பு, உளுந்து பிடுங்குவது, தீப்பெட்டி ஆபீஸ் வேலை, லாரியில் லோடு ஏற்றுவது. எங்கப்பா லோடு தூக்குகிறவர். கை இரண்டும் வடக்கயிறு மாதிரி முறுக்கேறி இருக்கும். ஆனால் நாற்பத்தஞ்சு வயசிலேயே இடுப்பில் பெல்ட் கட்டாமல் அவரால் குனிய முடியாது. உங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார்.

பாரம் தூக்கினால் உடம்பு ஏறும் என்றால், அவருக்கு மட்டும் ஏன் தேய்ந்தது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

50 கிலோ மூட்டை, ஒரு நாளைக்கு 100 தடவை. மொத்தம் 5,000 கிலோ, அதாவது 5 டன். ஜிம்மில் ஒரு புதுப் பையன் 20 கிலோவை வைத்து 5 பயிற்சி, ஒவ்வொன்றிலும் 30 தடவை செய்கிறான் என்று வைப்போம். 5 × 30 × 20 = 3,000 கிலோ. அவனும் 3 டன் தூக்கிவிட்டான்! மொத்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு மூன்று இடத்தில் இருக்கிறது.

1. மூட்டையின் எடையை அப்பா தீர்மானிக்கவில்லை. முதல் நாளும் 50 கிலோதான், காய்ச்சல் வந்த நாளும் 50 கிலோதான்.
2. அவருக்கு மறுநாள் ஓய்வு கிடையாது. பையனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு.
3. தூக்கின அளவுக்குச் சாப்பாடும் தூக்கமும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, 2018-ல் பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வேலையிலேயே கடுமையாக உடம்பை வருத்தும் ஆண்கள், அப்படி வருத்தாத ஆண்களைவிடச் சீக்கிரம் இறக்கும் வாய்ப்பு 18 சதவீதம் அதிகம் என்று அதில் கண்டார்கள். ஓய்வு நேரத்தில் செய்கிற உடற்பயிற்சியோ ஆயுளைக் கூட்டுகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இரண்டிலும் உடம்புதான் அசைகிறது. ஒன்று தேய்க்கிறது, ஒன்று வளர்க்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1967-லேயே, ஒரு ஆண் தொழிலாளி கையால் சுமக்கிற பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பரிந்துரை செய்திருக்கிறது.

ஆக, வீட்டில் கேட்கிற கேள்விக்குப் பதில் இதுதான்: பாரத்தின் அளவு, தடவை, ஓய்வு மூன்றையும் நாமே தீர்மானிக்கிற இடம்தான் ஜிம். அந்த மூன்றையும் கையில் எடுக்காமல் ஜிம்முக்குப் போனால், அதுவும் காசு கொடுத்துச் செய்கிற லோடு வேலைதான்!

இரும்பு களைக்கும், தசை வளரும்

நமக்கு மெட்டீரியல்ஸ் பாடத்தில் 'ஃபட்டீக்' என்று ஒன்று வரும். ஒரு இரும்புத் துண்டை உடைக்க முடியாத அளவு சின்ன பாரமாக இருந்தாலும், லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஒரு நாள் விரிசல் விட்டு உடைந்து போகும். இரும்புக்குத் தன்னைத்தானே சரிசெய்யத் தெரியாது.

தசைக்குத் தெரியும். பழக்கமில்லாத பாரத்தைத் தூக்கும்போது, இந்த வேலைக்கு இருக்கிற பலம் போதாது என்று உடம்புக்குச் செய்தி போகிறது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாளுக்கு, சாப்பிட்ட புரதத்தை எடுத்துத் தசை நார்களைப் பழையதைவிடக் கொஞ்சம் தடிமனாக்குகிறது. கவனியுங்கள்: ஜிம்மில் இருக்கும்போது தசை வளர்வதில்லை. வீட்டில் சாப்பிட்டுத் தூங்கும்போதுதான் வளர்கிறது. ஓய்வே கொடுக்காவிட்டால் தசையும் இரும்பு மாதிரிதான் ஆகும்.

இன்னொரு சங்கதி. முதல் ஒன்றரை இரண்டு மாசத்தில் பலம் மளமளவென்று கூடும், கண்ணாடியில் மட்டும் ஒன்றும் தெரியாது. காரணம், முதலில் தேறுவது நரம்பு. எந்தெந்தத் தசை நாரை எப்போது சேர்த்து இழுக்க வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. 1979-லேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். புதுசா லேத்தில் நிற்கிறவனுக்கு முதல் வாரம் கை ஒத்துழைக்காது, பிறகு தானாகப் பழகும் அல்லவா? அதே கதைதான். தசையின் பருமன் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாசமாவது ஆகும். "ஒரு மாசம் போனேன், ஒண்ணும் ஏறலை" என்று விட்டவர்கள், அஸ்திவாரம் போட்ட அன்றைக்கே மாடி எங்கே என்று கேட்டவர்கள்.

நம்ம ஊர் ஜிம்: இளவட்டக்கல்

பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தென் மாவட்டத்துக் கிராமங்களில் ஊர் மந்தையிலோ கோயில் பக்கமோ உருண்டையாக ஒரு கல் கிடக்கும். அதுதான் இளவட்டக்கல். அதைத் தூக்கித் தோள் வழியாகப் பின்னால் போடுகிறவனுக்குத்தான் பொண்ணு என்று ஒரு காலத்தில் பேச்சு.

நெல்லை மாவட்டம் பணகுடி பக்கத்தில் வடலிவிளை என்ற ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. பெண்களும் கலந்துகொள்கிறார்கள். அங்கே இருப்பது ஒரே கல் இல்லை. 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை படிப்படியாகப் பல கல் இருக்கின்றன. எடுத்த எடுப்பில் யாரும் பெரிய கல்லில் கை வைப்பதில்லை. சின்னக் கல்லைப் பழகினவன்தான் அடுத்த கல்லுக்குப் போவான். இன்றைக்கு ஜிம்மில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற பிளேட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கல் இரும்பாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதையே மருத்துவ முறையாக ஆக்கியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு, முழங்கால் ஆபரேஷன் ஆன சிப்பாய்கள் சிகாகோ ராணுவ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களை அசையாமல் வைத்திருப்பதற்குப் பதிலாக, அளந்து அளந்து பாரம் தூக்க வைத்தார் அவர். கால் சீக்கிரம் தேறியது. 1945-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். அவருடைய கணக்கு பின்னால் இப்படி வடிவம் பெற்றது: ஒருவன் 10 தடவை மட்டும் தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி. முதல் செட்டில் அதில் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழுசு. ஒவ்வொன்றும் 10 கவுண்ட். இன்று எல்லா ஜிம்மிலும் "மூணு செட்டு, பத்து கவுண்டு" என்று சொல்வதன் மூலம் இதுதான்.

முதல் மூன்று மாசம்

வாரத்தில் மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அறிவுரையில், வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும், 150 நிமிஷமாவது வேக நடை மாதிரியான பயிற்சியும் வேண்டும் என்கிறது. காலேஜுக்குச் சைக்கிளில் வருகிறவர்களுக்கு இரண்டாவது கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும்.

"திங்கக்கிழமை நெஞ்சு, செவ்வாய்க்கிழமை ஆர்ம்ஸ்" என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பாகமாகப் பிரிப்பது பழகினவர்களுக்கு. புதுசா வருகிறவர்கள் மூன்று நாளும் முழு உடம்புக்கும் செய்ய வேண்டும். இதோ ஆறு பயிற்சிகள்:

1. ஸ்குவாட் (நம்ம பஸ்கிதான், பாரத்தோடு) – தொடை, இடுப்பு.
2. பெஞ்ச் பிரஸ் அல்லது தண்டால் – நெஞ்சு, தோள், பின்கை.
3. குனிந்து நின்று வயிற்றை நோக்கி இழுக்கும் 'ரோ' – முதுகு, முன்கை.
4. தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ் – தோள்.
5. முதுகை வளைக்காமல் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் – பின்தொடை, இடுப்பு, கீழ் முதுகு.
6. முழங்கை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தும் பிளாங்க் – வயிறு. 20 நொடியில் தொடங்கி ஒரு நிமிஷம் வரை.

முதல் இரண்டு வாரம் வெறும் ராடு, அல்லது ரொம்ப லேசான தம்பிள்ஸ். ஒவ்வொன்றிலும் 2 செட், 10 கவுண்ட். இந்த இரண்டு வாரமும் பாடம் படிக்கிற வாரம், பாரம் தூக்குகிற வாரம் இல்லை. போட்டிக்கான ஆண்கள் ராடு 20 கிலோ இருக்கும். சின்ன ஜிம்மில் சில ராடு அதில் பாதிகூட இருக்காது. எவ்வளவு என்று மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது வாரத்திலிருந்து 3 செட், 8 முதல் 12 கவுண்ட். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் இரண்டு நிமிஷம் ஓய்வு. எந்த எடை என்று எப்படித் தெரியும்? செட் முடிகிறபோது "இன்னும் ரெண்டு தடவை தூக்கலாம்" என்று இருக்க வேண்டும். இன்னும் ஏழெட்டு தூக்கலாம் என்றால் எடை குறைவு. கடைசிக் கவுண்டில் முதுகு வளைகிறது, கை நடுங்குகிறது என்றால் எடை அதிகம். பாலம் கட்டுகிறவன் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' விடுகிற மாதிரி, நாமும் இரண்டு கவுண்டை மிச்சம் விட வேண்டும்.

மூன்று செட்டிலும் 12 கவுண்ட் சுத்தமாக வந்துவிட்டால், அடுத்த தடவை 2.5 கிலோ மட்டும் கூட்டி, மறுபடி 8 கவுண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். கால் பயிற்சியில் சீக்கிரம் கூடும், தோள் பயிற்சியில் மெதுவாகத்தான் கூடும். வாரம் 2.5 கிலோ என்றால் பத்து வாரத்தில் 25 கிலோ. 20 கிலோ ராடில் பஸ்கி போடத் தொடங்கியவன் 45 கிலோவில் நிற்பான். அப்பா தூக்குகிற மூட்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், இடுப்பு நோகாமல்! அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதுதான்.

இதற்கு ஒரு ரெக்கார்டு நோட்டு போடுங்கள். லேபில் ரீடிங் எடுப்பது மாதிரி தேதி, பயிற்சி, எடை, கவுண்ட் என்று நாலு காலம். கண்ணாடி பொய் சொல்லும், நோட்டு சொல்லாது. சோர்வாக இருக்கிற நாளில் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் கால் தானாக ஜிம்முக்குப் போகும்.

நெம்புகோல் கணக்கு

இடுப்பு எப்படிப் போகிறது என்று மெக்கானிக்ஸ் தெரிந்த நமக்குப் புரியாமல் போகக்கூடாது. குனிந்து 20 கிலோவைத் தூக்குகிறோம். அந்த எடை கீழ் முதுகு எலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்குகிற முதுகுத் தசையோ எலும்புக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. மொமென்ட் கணக்குப்படி 20 × 50 = 1,000. அதை 5-ஆல் வகுத்தால் 200. இருபது கிலோவுக்காக முதுகுத் தசை 200 கிலோ விசையில் இழுக்க வேண்டியிருக்கிறது! அதே எடையை உடம்போடு ஒட்டி 25 சென்டிமீட்டரில் வைத்தால் 100 கிலோ போதும். நம்ம மேல் உடம்பின் சொந்த எடையை இதில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இன்னும் கூடும்.

அதனால் விதி மூன்று. எடையை உடம்போடு ஒட்டி வை. முதுகை வளைக்காமல், இடுப்பையும் முழங்காலையும் மடக்கி இறங்கு. எடையைத் தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருகாதே. இந்தக் கணக்கை வீட்டில் லோடு தூக்குகிறவர்களுக்கும், குடம் தூக்குகிற அம்மா அக்காவுக்கும் சொல்லுங்கள். நம்ம படிப்பு வீட்டுக்குப் பிரயோஜனப்படுகிற இடம் இது.

மூச்சை முழுசாகப் பிடித்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம். தூக்கும்போது விட்டு, இறக்கும்போது இழுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் பாரம் ஏற்றும்போது தலைமாட்டில் ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். தனியாகப் படுத்து ராடு கழுத்தில் விழுந்தால் எடுத்துவிட ஆள் இருக்காது. தொடங்குமுன் ஐந்து நிமிஷம் நடை, கை கால் சுழற்சி, பிறகு லேசான எடையில் ஒரு செட். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் யாரும் ரேஸ் கொடுப்பதில்லையே!

ஜிம்முக்குக் காசு இல்லையா?

மாசச் சந்தா கட்ட முடியாத நண்பர்கள் வருத்தப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டர் கேனில் 5 லிட்டர் ஊற்றினால் கேன் எடையோடு ஐந்தரை ஆறு கிலோ. அடுத்த வாரம் ஒரு லிட்டர் கூட ஊற்றினால் ஒரு கிலோ கூடிவிட்டது. பல ஜிம்மில் இவ்வளவு நுணுக்கமான பிளேட் இருக்காது! அந்தக் கேனை நெஞ்சோடு அணைத்துப் பஸ்கி போடலாம், வயிற்றை நோக்கி இழுக்கலாம், தலைக்கு மேல் தூக்கலாம், இரண்டு கையிலும் பிடித்து நடக்கலாம். பயிற்சி முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். நம்ம ஊரில் தண்ணீரின் அருமை தெரியும்தானே.

தண்டால் முழுசாக வரவில்லை என்றால் சுவரில் கை ஊன்றித் தொடங்குங்கள். பிறகு திண்ணை, பிறகு தரை, பிறகு காலைத் திண்ணையில் வைத்துக் கையைத் தரையில் ஊன்றி. இதுவும் சின்னக் கல்லிலிருந்து பெரிய கல்லுக்குப் போவதுதான்.

சாப்பாடு

ஜிம்மில் சேர்ந்த மறுநாளே பவுடர் டப்பா பற்றிப் பேச்சு வந்துவிடும். அந்த 'வே' பவுடர் விஷமும் இல்லை, மந்திரமும் இல்லை. பாலிலிருந்து பிரித்த புரதம். நம்ம சாப்பாட்டிலேயே அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

2020-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். பாரம் தூக்குகிறவனுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் பெரிய பிரயோஜனம் இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆக 70 முதல் 95 கிராம்.

சோறு, இட்லி, சாம்பார், பருப்பு என்று மூன்று வேளைச் சாப்பாட்டில் சுமார் 35 கிராம் வந்துவிடும். அதோடு:

இரண்டு முட்டை – 12 கிராம்
நிலக்கடலை 50 கிராம் – 12 கிராம்
பாசிப்பயறு 50 கிராம், முளைகட்டியோ அவித்தோ – 12 கிராம்
ஒரு டம்ளர் பால் அல்லது தயிர் – 6 கிராம்

மொத்தம் 77. இதற்கு மேல் வேண்டுமானால் மீல் மேக்கர் 50 கிராம் போட்டுக் குழம்பு வைத்தால் 25 கிராம். மீன், கோழி கிடைக்கிற நாளில் சொல்லவே வேண்டாம். கடலையும் பயறும் உளுந்தும் கம்பும் நம்ம காட்டில் விளைகிறவை. வீட்டில் இருக்கிறதை விட்டுவிட்டு டப்பாவுக்குச் செமஸ்டர் பீஸை எடுத்துச் செலவு செய்வது என்ன நியாயம்?

கோவில்பட்டிக்காரன் கடலைமிட்டாயைச் சொல்லாமல் விட முடியுமா? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கடலையில் புரதமும் கொழுப்பும், வெல்லத்தில் உடனடி சக்தியும் இருக்கின்றன. பயிற்சிக்குப் பிறகு ஒரு துண்டு நல்லதுதான். ஒரு பாக்கெட் என்றால் கணக்கு வேற!

தூக்கம் எட்டு மணி நேரம். ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துவிட்டுக் காலை ஐந்து மணிக்கு ஜிம்முக்கு ஓடுவதில் அர்த்தம் இல்லை. கட்டுகிற கொத்தனாருக்கு லீவு கொடுத்துவிட்டுச் செங்கலை மட்டும் இறக்குகிற கதைதான் அது.

ஊசி வேண்டவே வேண்டாம்

"மூணு மாசத்துல ஆர்ம்ஸ் வரும், ஒரு ஊசி போடு" என்று காதோடு சொல்லுகிற ஆள் எங்கேயாவது வருவான். அது ஸ்டீராய்டு, ஆண் ஹார்மோனின் செயற்கை வடிவம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், ஆணுக்கும் மார்பு பெருக்கும், முகமெல்லாம் பரு வரும். மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் கெடும். இதயம் தடித்து, ரத்தக் கொழுப்பு ஏறி, சின்ன வயசிலேயே மாரடைப்பு வரை கொண்டுபோகும். பதினெட்டு வயசில் நம்ம உடம்பில் அந்த ஹார்மோன் ஏற்கெனவே போதுமான அளவு ஓடுகிறது. அதை விலை கொடுத்து நிறுத்துவானேன்?

எப்போது நிறுத்த வேண்டும்?

முதல் வாரம் தசையில் வலி வரும். மறுநாளும் அதற்கு மறுநாளும் கூடி, மூன்று நாலு நாளில் போய்விடும். இது புதுப் பழக்கத்தின் வலி, பயப்பட வேண்டாம். லேசாக நடந்தால் இளகும். ஆனால் மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, இடுப்பிலிருந்து காலுக்கு மின்சாரம் மாதிரி இறங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சு வலி, கண் இருட்டு, மயக்கம் வந்தாலும் அப்படியே. அளவு மீறிச் செய்த பிறகு தசை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற ஆபத்து அது.

நம்ம கரிசல் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குள், அல்லது சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். நடுவில் தண்ணீர் குடிக்கலாம், தப்பில்லை. வேர்த்துக் கொட்டினால் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ போதும். காய்ச்சல் நாளில் ஓய்வு. லோடு வேலையில் இல்லாத அந்த வசதி நமக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துவோம்.

தோழிகளுக்கு

நம்ம வகுப்புத் தோழிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக வேண்டாம். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் கர்ணம் மல்லேஸ்வரி. 2000-ல் சிட்னியில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். மணிப்பூர் கிராமத்தில் விறகுக் கட்டு சுமந்த மீராபாய் சானு, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். விறகு சுமந்த பெண்கள் லட்சம் பேர். அளந்து சுமக்கக் கற்றுக்கொடுத்த ஆள் கிடைத்ததால் அவர் பதக்கம் வாங்கினார். எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயமும் வேண்டாம். பெண் உடம்பில் ஆண் ஹார்மோன் மிகக் குறைவு. பலம் கூடும், எலும்பு உறுதியாகும். ஆறு பயிற்சியும் மூன்று மாசக் கணக்கும் உங்களுக்கும் அதேதான்.

எதற்கு இந்தப் பலம்?

சிக்ஸ் பேக் வந்தால் வரட்டும். அதைவிடப் பெரிய காரணங்கள் நமக்கு இருக்கின்றன. ஒர்க் ஷாப்பில் அரம் பிடிக்கவும், கம்பெனியில் எட்டு மணி நேரம் ஷிப்டில் நிற்கவும் பலம் வேண்டும். போலீஸ் தேர்வில் ஓட்டமும் கயிறு ஏறுவதும் இருக்கின்றன. நம்ம கோவில்பட்டி ஹாக்கி ஊர். இந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் ஆடினார். அணி வெண்கலம் வாங்கியது. மட்டையைப் பிடிக்கிற கைக்குப் பின்னால் பலமான காலும் இடுப்பும் இருந்தால்தான் அறுபது நிமிஷம் ஓட முடியும். வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அவரும் ஒரு நாள் வெறும் ராடில்தான் தொடங்கியிருப்பார்.

நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். நம்மைப் படிக்க வைத்தது நம்ம அப்பா அம்மாவின் உடம்பு. அவர்கள் உடம்பைச் செலவு செய்தார்கள். நாம் அதைச் சேமிக்கக் கற்றுக்கொள்வோம். அளந்து தூக்கி, நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நோட்டில் எழுதி வைத்து, மூன்று மாசம் விடாமல் போவோம். அடுத்த ஆண்டு மலர் வரும்போது உங்க நோட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அதில் இருக்கும்.

உடம்பு உறுதியானால் உள்ளமும் உறுதியாகும். வாழ்க வளமுடன்!